வயிறுதான் என்றார்கள்

அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளை மருந்துப் புட்டி இருக்கும். மூடியைச் சுற்றிப் புதினா வாசனையோடு மருந்து காய்ந்து அப்பியிருக்கும். வீடிருந்த புக்கிட் செலம்பாவிலிருந்து சுங்கைப் பட்டாணியிலுள்ள கையுறைத் தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது நெஞ்சுக்குழி இறுகினால், சாலையோரம் நிறுத்தி ஒரு மடக்குக் குடிப்பாள். இறுக்கம் தணிந்ததும் புறப்படுவாள். அது தணிந்தது மருந்தால் அல்ல, அவள் சற்று நேரம் அசையாமல் நின்றதால்தான் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

கிளினிக்கில் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலேயே வாயு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கிளினிக்கில் வாயு என்றது அவருக்கு வசதியாகப் போயிற்று. "காத்துலா. கண்டதையும் தின்னா இப்படித்தான்" என்பார். ஞாயிறுதோறும் ஆட்டுக்கறி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியின் அடியில் கொழுப்போடு ஒட்டியிருந்ததில்தான் அக்கா சோற்றைப் போட்டுப் பிசைவாள். பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று நான் குடியிருக்கும் பெண்டாங்கிலிருந்து வரும்போதெல்லாம் சொல்வேன். "உங்க குடும்பத்துல எல்லாத்தையும் பெருசாக்குவீங்க" என்று மாமா தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒருநாள் காலை, வேலையில் இருக்கும்போதே அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. தாடைவரை வலித்தது. வாந்தி எடுத்தாள். தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டதும் மாமா போனார். ஆனால் நேராக வீட்டுக்குத்தான் கூட்டிவந்தார். இஞ்சித் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு வெளியே கிளம்பிவிட்டார். மாலையில் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி முனகல் கேட்டு உள்ளே வந்து பார்த்து, தன் காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதற்குள் இருதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது.

வார்டில் இருந்த டாக்டர் தமிழ்ப் பெண். இரத்தக்குழாய் ஏன் அடைத்தது என்று நான் கேட்டதற்கு, அக்காவின் கட்டிலருகே நின்று பொறுமையாக விளக்கினார். கறியிலும் முட்டையிலும் உள்ள சில சத்துகளைக் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. அதில் உண்டாவதைக் கல்லீரல் வேறொரு பொருளாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. அந்தப் பொருள் கூடுதலாக இருப்பவர்களுக்கு அடைப்பும் கூடுதலாகக் காணப்படுகிறது. பித்தநீரும் கொழுப்பிலிருந்து உண்டாவதுதான்; அதையும் இந்த நுண்ணுயிர்கள் மாற்றிவிடுகின்றன. எவ்வளவு கொழுப்பு தங்கும், எவ்வளவு கழியும் என்பதில் அந்த மாற்றத்துக்கும் பங்குண்டு. "ஆனா இது இன்னும் முழுசா தெரியாத விஷயம்கா. இவங்களுக்கு இனிப்பு நீர் இருக்கு, இரத்தத்துல சர்க்கரை கூடுது, பிரஷரும் இருக்கு. எல்லாத்தையும்விட, காலையிலேயே கொண்டு வந்திருக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

மாமாவின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. டாக்டர் நகர்ந்ததும், "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன். வயிறுதான்" என்றார். அந்த முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை நான் மன்னிக்கவில்லை.

அக்கா ஆக்சிஜன் முகமூடியைக் கையால் விலக்கினாள். "சரி, வயிறுன்னே வச்சுக்குங்க. வயித்துக்காவது என்னை ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

மாமா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன் பிறகு அக்கா அதிக நாள் இருக்கவில்லை. நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கியது, கால்கள் வீங்கின. அடுத்த தீபாவளியை அவள் பார்க்கவில்லை.

குடலுக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எங்காவது ஏதாவது செய்தி வந்தால், மாமா இன்றும் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறார். அந்த அறிவியலோடு எனக்குச் சண்டையில்லை. அதை அவர் தனக்குப் போர்வையாக்கிக்கொண்டதுதான் தாங்கவில்லை. சாவு வீட்டிலேயே அதைத் தொடங்கிவிட்டார். வந்தவர்களிடமெல்லாம், "வயித்துல ஆரம்பிச்சதுங்க, டாக்டரே சொன்னாங்க" என்றார். நான் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். அவர் சொல்லி முடித்ததும், "நெஞ்சு வலிங்க. பகல் முழுக்க வீட்டுல தனியா படுக்க வச்சிருந்தாங்க" என்று நானும் சொன்னேன்.

மாமாவின் தங்கை என் கையைப் பிடித்து இழுத்தார். "சாவு வீட்டுல எதுக்குலா இதெல்லாம்?"

"வேற எங்க போய்ச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அடுத்தவர்களிடம் போனேன்.