கோழிப் பாடத்தை இளைக்க வைத்த கதை

அடுத்தவர் எடுத்து வரும் வீடியோவைப் பிடித்து இளைக்க வைப்பதுதான் என் தொழில். நாமக்கல்லில் ஆன்லைன் பயிற்சி நடத்தும் ஒரு சின்னக் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, ஜிபி கணக்கில் வரும் பாடங்களை எம்பிக்குள் அடக்குகிறேன். உங்களில் யாராவது இதே பாவத்தைச் செய்கிறவராக இருந்தால் நான் சொல்லப்போவது உடனே விளங்கும். மற்றவர்கள், வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுபோன ஒரு வீடியோவை என்றைக்காவது முறைத்துப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் நாங்கள்தான், மன்னித்து மேலே படியுங்கள்.

சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை முதலாளி, தன் ஆட்களுக்காக எங்களிடம் பன்னிரண்டு பாடம் கேட்டார். பண்ணையில் ஒரு ஷெட்டுக்கு சூப்பர்வைசர் வேலை காலி. மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பாடத்தையும் முழுக்கப் பார்த்து, கடைசியில் வரும் பரீட்சையில் நல்ல மார்க் வாங்குகிறவருக்கு அந்த வேலை என்று அறிவித்துவிட்டார். ஒரு பாடம் பாக்கி இருந்தாலும் பரீட்சை திறக்காது.

தலையாட்டும் கூட்டம்

வீடியோவைச் சுருக்கும் மென்பொருளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அசையாததை ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டு, அசைவதை மட்டும் திரும்பத் திரும்ப எழுதும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று ஒருவர் பேசினால் அதற்குக் கொண்டாட்டம். எங்கள் பாடம் எடுத்த கால்நடை டாக்டரோ கூண்டு வரிசைக்கு நடுவில்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தார். அவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கோழிகள், தீவனத்துக்காகத் தலையை நீட்டுவதும் இழுப்பதுமாக ஒரு நொடி சும்மா இல்லை. கேமராக்காரர் அக்பர் பாய்க்கு ஒரே சந்தோஷம், இறகு இறகாக எண்ணலாம் என்றார். பத்து நிமிடப் பாடம் ஒரு முழு சினிமா அளவுக்கு வந்து நின்றது.

கோழி இல்லாத இடமாகப் பார்த்து நிற்கக் கூடாதா என்று டாக்டரிடம் கெஞ்சினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனம்மணி, கோழிய அசையாம நில்லுன்னு நான் சொல்றதா? அசையாம நிக்கற கோழின்னா அதுக்கு நான் வைத்தியந்தான் பாக்கோணும்!"

அப்பாவும் சீரியல் பல்பும்

ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் குலதெய்வம், அதற்கடுத்து மாலை போட்ட அப்பா படம், படத்தைச் சுற்றி ஓடும் சீரியல் பல்பு, பிறகு பண்ணையை வானத்திலிருந்து காட்டும் காட்சி. இது முதலாளியின் உத்தரவு. பல்பு மின்னும் ஒவ்வொரு தடவையும் என் ஃபைல் ஊதிக்கொண்டே போனது. முதல் பாடத்தில் மட்டும் வைத்துக்கொள்வோமா என்று கேட்டேன். பன்னிரண்டாவது பாடத்துக்கு வருகிறவன் அப்பாவை மறந்துவிட மாட்டானா என்று திருப்பிக் கேட்டார்.

கடைசியில் ராசியாகி, அப்பா இருக்கட்டும், பல்பு மட்டும் மின்னாமல் அணைந்திருக்கட்டும் என்று மாற்றி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"ஏனுங்க, எங்கப்பாவுக்கு மட்டும் கரண்டு போன மாதிரி இருக்குதுங்களே?"

காதுகுத்து

பாடம் இறங்கவில்லை என்று முதலில் கூப்பிட்டது செல்வி. அந்தப் பண்ணையில் ஒன்பது வருடமாக முட்டை பொறுக்குகிறவள். அந்தச் சூப்பர்வைசர் வேலை அவளுக்கு வேண்டும், அதை மறைக்காமல் சொன்னாள். ஷெட்டுக்குள் சிக்னல் இருக்காது. தண்ணித் தொட்டி மேல் ஏறி நின்று இறக்கினால்தான் உண்டு. அதையும் செய்து பார்த்தால் போனில் இடமில்லை.

என்னதான் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். நங்கை என்று அவள் சொல்லும் நாத்தனாரின் மகனுக்குக் காதுகுத்து, தாய்மாமன் சீர் வந்ததிலிருந்து பந்தி முடியும் வரை ஒரே வீடியோ. அதை அழித்துவிட்டால் பாதிப் பாடம் இறங்கிவிடும் என்று யோசனை சொன்னேன்.

"அத அழிச்சுட்டேன்னு எங்க நங்கைக்குத் தெரிஞ்சா, வர்ற தீவாளி நோம்பிக்கு அவங்க ஊட்டு வாசப்படி ஏற முடியாதுங்க்கா. நீங்களே பாடத்த இன்னுங் கொஞ்சம் ஒடுக்கிக் குடுங்க."

கொசுவலைக் கோழி

ஒடுக்கினேன். கணக்கு வழக்கில்லாமல் ஒடுக்கினேன். பன்னிரண்டு பாடமும் செல்வியின் போனில், காதுகுத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தன. என் திறமையை நானே மெச்சிக்கொண்டு ஒரு டீ சொன்னேன். அக்பர் பாய் அந்தப் பாடத்தைப் பார்த்துவிட்டு, "நான் எடுத்தது கோழிம்மா, நீங்க அதக் கொசுவலைக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க" என்றார். கேமராக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலையில் செல்வி கூப்பிட்டாள். எட்டாவது பாடத்தில் டாக்டர் இரண்டு கோழிகளைக் காட்டி, சீக்குக் கோழிக்குக் கொண்டை வெளுத்திருக்கும் என்கிறார். அந்த இரண்டில் எது சீக்குக் கோழி என்று பரீட்சையில் ஒரு கேள்வியும் இருக்கிறது. நான் ஒடுக்கிய ஒடுக்கில் சிவப்பு என்ற நிறமே போய்ச் சேர்ந்திருந்தது. பரீட்சைக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அவள் வேலையை நான் கெடுத்துவிடுவேனோ என்று நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அவள் குரலில் பதற்றமே இல்லை.

"என்ற போன்ல அத்தன கோழிக்கும் கொண்டை கஞ்சித்தண்ணியாட்டத்தான் இருக்குதுங்க்கா. எல்லாத்துக்குமே ஊசி போட்டுரட்டுங்களா?"

புதுச் சட்டை

பெரிய ஃபைலை அனுப்பினால் இறங்காது, சின்ன ஃபைலில் நிறம் தெரியாது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு வழி சொன்னதும் செல்விதான். கோழி ஆடுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவள் அவள். ரெண்டு கொண்டையை மட்டும் போட்டோவாக நிறுத்தி வையுங்கள், டாக்டர் பின்னால் பேசட்டும் என்றாள். சொன்னதோடு நிற்காமல், சிவந்த கொண்டை ஒன்று, வெளுத்த கொண்டை ஒன்று என்று ஷெட்டிலேயே படம் பிடித்து, தொட்டி மேல் ஏறி எனக்கு அனுப்பியும் விட்டாள். வைத்துப் பார்த்தேன். நிறம் பளிச்சென்று இருந்தது, ஃபைலோ ஒரு பாட்டு அளவுகூட இல்லை. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போயிற்று.

டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. படப்பிடிப்புக்கென்றே புதுச் சட்டை எடுத்தாராம், வெறும் குரல் மட்டும் வந்தால் சட்டையை யார் பார்ப்பது? நான் செல்வி அனுப்பிய வெளுத்த கொண்டையை அவர் முன்னால் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர் எழுந்தே விட்டார்.

"சட்ட கெடக்குது அம்மணி, இந்தக் கோழி எந்த ஷெட்டுல நிக்குது?"

பரீட்சைக்கு மறுநாள்

டாக்டர் அன்றைக்கே போய் அந்தக் கூண்டு வரிசைக்கு வைத்தியம் பார்த்தார். எட்டாவது பாடம் அன்று சாயங்காலமே செல்வியின் போனில் இறங்கியது. வெள்ளிக்கிழமை பரீட்சை எழுதினாள்.

சனிக்கிழமை போன் வந்தது. "ஷெட்டு எனக்குத்தானுங்க்கா!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, என் பாடத்தால் ஒருத்தி மேலே வந்துவிட்டாள் அல்லவா! அந்தப் பெருமையை அவள் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில், பாடம் உபயோகமாக இருந்ததா என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நல்லாத்தான் இருந்துச்சுங்க்கா. ஆனா அதுல இருக்கறதெல்லாம் எனக்கு முன்னாலயே தெரியுமுங்க. தெரியும்னு நாஞ் சொன்னா ஆரு நம்பறாங்க? அதுக்கோசரந்தான் பன்னண்டையும் ஒக்காந்து பாத்தேன்."

ஆக, கோழியைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த ஒருத்திக்குக் கோழிப் பாடம் நடத்த, வாரக்கணக்கில் மெனக்கெட்டு அதை அவள் போனுக்குள் நுழைத்துக் காட்டிய பெருமை என்னையே சேரும்.