தேசக்காவின் டிரிம் ரம்பமும் எண்ணெய்க் கேனும்

1. மீன்பாடி வண்டி

நான் காத்திவாக்கம் போய்ச் சேர்ந்தபோது ரம்பத்தை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அது எர்ணாவூரில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்திருக்கும்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது திருவொற்றியூரில் ஒரு ஷெட் போட்டுப் பழைய அச்சுப் பிரெஸ் மெஷின்களை ஓடவைக்கிறேன். அதில் எனக்குப் பைத்தியமே டிரிம் ரம்பத்தின் மேல்தான். ஈய எழுத்தில் அச்சடித்த காலத்தில் ஈய வரிகளையும் மர பிளாக்குகளையும் அளவாக அறுத்த மெஷின் அது. வட்ட பிளேடு, அதன் பக்கத்தில் அறுத்த முகத்தைச் சீவிவிடும் இரண்டு சின்னக் கத்திகள், பைக்கா கணக்கில் ஒரு அளவுப் பட்டை. பைக்கா என்பது அச்சுக்காரர்களின் அளவு. ஆறு பைக்கா சேர்ந்தால் ஓர் அங்குலம். அதுவரை நான்கு ரம்பங்களைத் தேடிப் பிடித்து ஓடவிட்டிருந்தேன். ஐந்தாவதுக்காகப் பெங்களூரில் ஒரு கல்யாணக் கார்டு பிரெஸ்காரர் என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

தகவல் சொன்னவர் எர்ணாவூர் இரும்புக்கடை இஸ்மாயில் பாய். "அக்கா, நீ தேடிகினு இருந்தியே, அந்த ஐட்டம் மாதிரியே ஒண்ணு கீது. காத்திவாக்கத்துல ஒரு அம்மா தள்ளி வுடுது. பேரிங் போச்சாம். வண்டி அனுப்பிட்டேன், ஓணும்னா ஓடு."

அந்த அம்மாதான் தேசக்கா. வண்டியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருந்தார். வலைக்கு ஈயக் குண்டு செய்து கொடுப்பது அவர் தொழில். கல்மண்டபத்தில் மூடிய ஒரு பிரெஸ்ஸில் பழைய ஈயம் வாங்கப் போனவர், ஈயம் அறுக்கிற மெஷின் என்று தெரிந்து இதையும் சேர்த்து வாங்கி வந்திருக்கிறார். ஈயத்தை உருக்கி நடுவில் துளை விட்டு நீளமாக வார்த்து, இதில் துண்டு போடுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரிலுள்ள பிரெஸ் எல்லாம் நான் அலைந்துகொண்டிருக்க, இது கடற்கரையில் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறது.

தேசக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மீன்புடி தடைக்காலம் முடியறதுக்குள்ள காசிமேட்டுல மூணு போட்டுக்குக் குண்டு தர்ணும். இது நவுரவே மாட்டேங்குது. ஆக்ஸா பிளேடுல அறுத்தா ஒண்ணு பெர்சு ஒண்ணு சிர்சா வருது. வலை கோணிக்கும். இப்ப குடுக்கலேன்னா அட்த்த வருசம் என்னிய எவன் கூப்டுவான்?"

கூடுதல் விலை சொல்லி அப்போதே வண்டியைத் திருவொற்றியூருக்குத் திருப்பியிருக்கலாம். அளவுப் பட்டையைப் பார்த்துத் தொலைத்தேன். பட்டை முழுக்கக் கறுத்திருந்தது, ஆறு பைக்கா நிறுத்தம் மட்டும் பளபளத்தது. இத்தனை வருடம் ஒரே அளவில் பிழைப்பு நடந்திருக்கிறது.

"ஒரு தபா நான் பாக்கட்டுமாக்கா?" என்றேன்.

"பாரு. ஓடலேன்னா நீயே எட்த்துகினு போ. பாய்க்குச் சொன்ன ரேட்டுதான் உனுக்கும்."

ரிப்பேர் செய்தால் ரம்பம் எனக்கு இல்லை, கோட்டை விட்டால் எனக்கு. இப்படி ஒரு வேலையை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

2. எண்ணெய்

ரம்பத்தை வண்டியிலிருந்து இறக்கவைத்தேன். மோட்டார் நன்றாக இருந்தது. பெல்ட்டை மாற்றினேன். பிளேடைக் கையால் சுற்றிப் பார்த்தால் சத்தமே இல்லை. பேரிங் போச்சு என்றது வெறும் கதை. கோளாறு மேசையில்தான் இருந்தது. ஈயத்தை ஏந்திக்கொண்டு பிளேடை நோக்கி நகரும் மேசை அது. பள்ளத்தில் ஓடும் எஃகுக் குண்டுகளின் மேல் ஒரு விரல் தள்ளினால் போக வேண்டும். இரண்டு கையால் தள்ளியும் முக்கி முனகியது.

எங்கள் கரையில் எது நகராவிட்டாலும் எண்ணெய்தான். உப்புக் காற்றில் எண்ணெய் காட்டாத இரும்பைத் துரு தின்றுவிடும். என் கையும் தானாகவே எண்ணெய்க்குப் போயிற்று. ஊற்றியதும் மேசை வழுக்கிக்கொண்டு ஓடியது. தேசக்கா முகம் மலர்ந்து பத்துப் பதினைந்து குண்டு அறுத்தார். பிறகு மேசை நின்றது, முன்னைவிட மோசமாக.

"இப்டித்தான்," என்றார் தேசக்கா. "காலைல சாமி கும்புட்டதும் மொத வேல இதுக்கு எண்ணெ வுட்றதுதான். ஒரு நாள் தப்பினது இல்ல. அப்புடியும் பேஜார் பண்து." பக்கத்தில் மூக்கு நீண்ட எண்ணெய்க் கேன், துடைத்துப் பொட்டு வைத்து நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேசையைக் கழற்றித் திருப்பினேன். எண்ணெயும் ஈயத்தூளும் சேர்ந்து அடிப்பிடித்த புளிக்குழம்புபோல் கெட்டியாகக் கிடந்தன. எஃகுக் குண்டுகள் அதில் புதைந்து உருளாமல் இருந்தன. தினமும் ஊற்றிய எண்ணெய்தான் தினமும் தூளைப் பிடித்துவைத்திருக்கிறது.

கையுறை, முகமூடி மாட்டிக்கொண்டேன். ஈயத்தோடு விளையாடக் கூடாது. மூங்கில் குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு எஃகுக் குண்டையும் துடைத்தெடுத்தேன். பள்ளத்தில் எண்ணெய்க்குப் பதில் கொஞ்சம் கிராஃபைட் பவுடர் மட்டும் தூவினேன்.

தேசக்கா சண்டைக்கே வந்துவிட்டார். "இன்னாம்மா நீ, கடல் பக்கத்துல எண்ணெ இல்லாம இரும்பா? ரெண்டே நாள்ல துரு புட்ச்சிக்கும்."

ராயபுரத்தில் என் வீட்டு டப்பா நிறைய மாதா கோயில் மெழுகுவத்தித் துண்டுகள். அவற்றைக் கொண்டுவந்து மேசையின் மேல்பக்கம் முழுக்கத் தேய்த்துத் துணியால் மெருகேற்றினேன். துருவுக்கு அது போதும்.

பிளேடைக் கூர் தீட்டினபோது இன்னொன்றும் தெரிந்தது. சீவும் கத்திகள் இரண்டையும் எந்தப் புண்ணியவானோ உள்ளே தள்ளிப் பூட்டிவைத்திருந்தான். தேசக்காவுக்கு அப்படி இரண்டு கத்தி இருப்பதே தெரியாது. வெளியே இழுத்துச் சரியான அளவில் நிறுத்தினேன்.

"தள்ளுங்க," என்றேன். "ஒரு வெரல் போதும்."

நம்பாமல் சுண்டு விரலை வைத்தார். மேசை போயிற்று. அறுந்து விழுந்த குண்டை எடுத்துத் தடவிப் பார்த்தார். அறுத்த முகம் வழவழவென்று மின்னியது.

"இத்த ராவவே வாணாமா?"

"வேணாம்."

"இத்தினி வருசம் குந்திகினு ஒவ்வொண்ணா அரத்துல ராவிகினு கெடந்தேனே. பிசிறு கயித்த அறுக்குதுன்னு." சொல்லிவிட்டு என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அடி வாங்கியதில்லை.

அந்த நேரம் பார்த்துப் பெங்களூர்க்காரர் போன் செய்தார். "கிடைத்தது சார். ஆனால் ஓடிவிட்டது, தர முடியாது," என்றேன். அவருக்குப் புரியவில்லை.

3. கேன்

மூன்று படகுக்கும் குண்டு, தடைக்காலம் முடிவதற்கு முன்பே காசிமேடு போய்ச் சேர்ந்தது. கையில் நாள் மிஞ்சியதால் நான்காவது படகுக்காரர் ஒருவரும் வந்து கேட்டு வாங்கிப் போனாராம்.

படகுகள் கடலுக்குப் போன வாரம், தேசக்கா ஒரு வாளி நண்டோடு என் ஷெட்டுக்கு வந்தார். இன்னொரு கையில் அந்த எண்ணெய்க் கேன்.

"இத்த நீயே வெச்சிக்கோ. வூட்ல இருந்தா என் கை சொம்மா இருக்காது." குந்திக்கொண்டு அடுத்ததையும் சொன்னார். "பழவேற்காட்டுல என் தொழில்காரி ஒருத்தி கீறா. அவளும் பிரெஸ் ஈயம்தான் வாங்குவா. அவுளாண்டயும் இதே மாரி ஒரு மெஷின் கீதாம், நின்னு போச்சாம். அவ தொழில வுட்டுட்டா, ரம்பத்தக் குடுத்துட்றேன்றா."

மறுநாளே போனேன். மேசையைத் திருப்பினேன், அதே புளிக்குழம்பு. அந்த ரம்பம் இப்போது பெங்களூரில் ஓடுகிறது.

தேசக்காவின் கேன் என் ஷெட் வாசலில் தொங்குகிறது. என்னிடம் வேலைக்குச் சேருபவர்கள், மெஷின் நகரவில்லை என்றதும் கையை நீட்டுவது அதற்குத்தான். மேசையைத் திறந்து உள்ளே பார்த்தாயா என்று கேட்பேன். பார்க்காமலே எடுத்துச் சாய்ப்பவர்களும் உண்டு. ஒரு சொட்டும் வராது. அதை நான் நிரப்புவதே இல்லை.