பாய் கடைக் கம்ப்யூட்டருக்கு ஓர் அண்டா

உத்திரமேரூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் பாய்க்கு, சர்க்கரையால் கண் மங்கிக்கொண்டே வந்தது. பாட்டில் லேபிளில் பொடி எழுத்து தெரியாவிட்டால் எனக்கு வீடியோ கால் போடுவார். திட்டிக்கொண்டே படித்துச் சொல்வேன்.

ஒருநாள் அவசரத்தில் என்னைக் கூப்பிடாமல், மானாம்பதிக்காரர் ஒருவருக்குப் பூச்சிமருந்து என்று களைக்கொல்லியை எடுத்துக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் லேபிளைப் படித்துப் பார்த்ததால் அவர் நெல் பிழைத்தது. பாய் ஆடிப்போய்விட்டார்.

"ஒருத்தன் பயிரு கருகறதுக்கு முன்னாடி கடைய மூடிட்டு, மெட்ராஸ்ல மவ வூட்டுக்குப் போயிடறேன் தம்பி."

எனக்குத் தாங்கவில்லை. அவர் இல்லாத கடைத்தெருவை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. நான் வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவன். பாட்டிலைக் கேமராவில் காட்டினால் லேபிளைப் படித்து உரக்கச் சொல்லும்படி பைத்தான் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினேன். என் லேப்டாப்பில் கணீரென்று பேசியது. கடையின் பழைய கம்ப்யூட்டரிலோ, ஏதோ லைப்ரரி இல்லை என்று ஒரு வரி காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"இன்னா தம்பி, உன் வூட்ல பேசுது, இங்க ஊமையா கீது?"

விளக்கினேன். நான் இதில் ஏற்றிய பேக்கேஜ், நாம் சொல்வதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள்தான். எழுத்தைப் படிக்கிற வேலை வேறொரு லைப்ரரியுடையது. அது மெஷினுக்கேற்பத் தயாரித்து வைத்த கோப்பு. என் லேப்டாப்பில் வேறு வேலைக்காக என்றோ ஏற்றியிருந்ததால், அது தனியாக வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

"பிரியாணி மாஸ்டர் வந்துட்டாரு, அண்டா வரல. அத்தானே?"

எங்கள் பக்கம் மாஸ்டர் கரண்டியோடுதான் வருவார். அண்டாவை விசேஷ வீட்டுக்காரர்கள்தான் வாடகைக்கு எடுத்துவைக்க வேண்டும். இதைவிட நன்றாக என் ஆபீசில் யாரும் சொன்னதில்லை.

என் லேப்டாப்பிலிருந்த கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோனேன். அதுவும் ஓடவில்லை. என்னுடையது அறுபத்து நாலு பிட், அவருடையது முப்பத்திரண்டு.

"அண்டா பெரிசு பாய், உங்க அடுப்பு சின்னது."

"அடுப்ப ஒண்ணும் சொல்லாத. பேஜார் பண்ணாம சின்ன அண்டாவா பாத்து எட்தா."

புதிதாக வருகிற எதுவும் அந்தக் கிழட்டு மெஷினை மதிப்பதில்லை. தேடித் தேடி அதற்குப் பொருந்தும் பழைய பதிப்பைப் பிடித்தேன். பேக்கேஜையும் அதோடு ஒத்துப்போகும் பழைய பதிப்புக்கு மாற்றி, இரண்டையும் ஒரே ஃபோல்டரில் கட்டிவைத்தேன். இனி மாஸ்டர் அண்டாவோடுதான் போவார்.

பாய் களைக்கொல்லியைக் காட்டினார். "களைக்கொல்லி" என்றது. நம்பாமல் அலமாரியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் மகளுக்கு போன் போட்டு, தான் வரவில்லை என்று சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், ஆனாலும் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் அடித்தது.

"மெஷின் படுத்துக்கிச்சா பாய்?"

"அது நல்லாதான் கீது. எல்லாத்தியும் படிக்குது. ஆனா திட்ட மாட்டேங்குது. சாயங்காலம் டீ குடிக்க வா."