நோன்பு பிடிக்கிற மிஸ்ஸி கேட்ட கேள்வி

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், நடுவில் ஏதாவது மறந்தும் போகும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நர்ஸ் மிஸ்ஸி என்றதும் எனக்கு முதலில் கண்ணில் நிற்பது அவருடைய சாப்பாட்டுப் பெட்டிதான். மூடி பொருந்தாமல் ரப்பர் பட்டி போட்ட நீலப் பெட்டி. டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்கில் என் தங்கச்சி மகளுக்கு முன்னால் அதைத் திறந்து வைத்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே சாப்பிடுவார். ஒரு நர்ஸ் நோயாளியோடு உட்கார்ந்து சோறு தின்றதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தங்கச்சி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனதால் மகள் என்னோடு, மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு மேலே உள்ள தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தாள். அம்மா சுகமாகத் திரும்ப வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விரதம் தொடங்கினாள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பிறகு அம்மன் கோயில் மாசித் திருவிழாவுக்கு என்று பாலும் பழமும் மட்டும். திருவிழா முடிந்தது, விரதம் முடியவில்லை. லயத்துச் சனம் அவளைக் கும்பிடத் தொடங்கியது. காய்ச்சல் கண்ட குழந்தைகளைத் தூக்கிவந்து அவள் கையால் திருநீறு பூசச் சொன்னார்கள். பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறையில், இருக்கிற அக்கா என்னை ஏசினார்: "வீட்டுல அம்மனே வந்து குந்தியிருக்கா, நீ என்னடி கருவாடு பொரிச்சுக்கிட்டு இருக்க?" அன்றோடு கருவாட்டை நிறுத்தினேன். சாப்பாடு இல்லாமல் கிடந்தவர்களை எங்கள் தோட்டம் நிறையப் பார்த்திருக்கிறது. சோறு இருந்தும் அதைக் கண்டு பயப்படுகிற ஒருத்தியைப் பார்த்ததில்லை. பக்தி என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அடுத்த மாசியில் பால்குடத்தோடு விழுந்தாள். "சாமி வந்திருச்சு!" என்று கத்தி மேளத்தை ஓங்கி அடித்தார்கள். நான் அவள் கையைப் பிடித்தேன். அந்த வெயிலிலும் பச்சைத் தண்ணியாகக் குளிர்ந்திருந்தது. த்ரீவீல் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சுத் துடிப்பு மிகவும் மெதுவாகிவிட்டது, இப்படியே விட்டால் பிள்ளை தங்காது என்றார் டொக்டர்.

அங்கேதான் மிஸ்ஸி வந்தார். டவுன் முஸ்லிம் பெண். சாப்பிடாமலே உடம்பு கரைகிற ஒரு நோயைப் பற்றி நாடு முழுக்க நர்ஸ்மாருக்குப் படிப்பிக்கத் தொடங்கியிருந்த நேரம். அவரும் கொழும்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார். "விரதம் இருக்குற புள்ள மிஸ்ஸி, வேற ஒன்னுமில்ல" என்றேன்.

மிஸ்ஸி சிரித்தார். "நானும் நோன்பு பிடிக்கிற ஆள்தானே அக்கா. நோன்பு துறக்கிற நேரம் கிட்டினா எங்கட வீட்டுல கஞ்சிக்கும் சமோசாவுக்கும் சண்டையே நடக்கும்." அப்புறம் கட்டிலில் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "விரதம் முடிக்கிற நேரம் வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும் மகள்?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "பயமா இருக்கும்" என்றாள்.

மிஸ்ஸியின் முகம் தெளிந்தது. "அப்ப இது நோய் அக்கா. நோய்னா பாக்க வழி இருக்கு."

வழி இருந்தது. ஆனால் அம்மனுக்கு நேர்ந்த விரதத்தை யார் முடிப்பது? அவளுக்கும் பயம், எனக்கும் பயம். "அதுக்கு நான் ஆளில்ல" என்ற மிஸ்ஸி, டொக்டரிடம் கேட்டுக்கொண்டு எங்கள் தோட்டத்துப் பூசாரியை வார்டுக்கே வரவழைத்தார். பூசாரி கட்டிலடியில் நின்று ஏசினார். "ஏம்மா, நீ என்ன அம்மனுக்கும் மேலயா? அவளே பூச தவறாம படையல் வாங்கிக்கிறா. ஒன்னோட விரதத்த அவ ஏத்துக்கிட்டாச்சு, முடிஞ்சிருச்சு. வாயத் தொற." டொக்டர் சொன்ன அளவுக்குத் துளிப் பொங்கலை ஊட்டினார். அழுதுகொண்டே விழுங்கினாள்.

பொங்கலோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சோற்றைப் பாவாடை மடியில் ஒளித்தாள். தட்டைத் தூக்கி எறிந்தாள். ஏசக் கூடாது, புகழவும் கூடாது, உடம்பைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மிஸ்ஸி எனக்குச் சொல்லித்தந்தார். லயத்துக்கும் வந்து பக்கத்துக் காம்பரா அக்காவைப் பிடித்து, "இனி இவகிட்ட திருநீறு கேட்டு வந்தா ஒங்களுக்கு ஊசிதான்" என்று மிரட்டினார். அக்கா அதன்பிறகு எங்கள் வாசல் பக்கம் வந்தாலே கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார். இப்படியே வருஷங்கள் போயின. மகளும் தேறி, கிளினிக்குக்குப் போவது நின்று, படிப்புக்குப் போனாள். இப்போது பாலர் பாடசாலையில் டீச்சர்.

போன மாதம் கண்டியில் ஒரு பெரிய கூட்டம். இந்த நோயை நாடு முழுக்க ஒரே முறையில் கண்டுபிடித்துப் பார்க்க என்ன செய்யலாம் என்று டொக்டர்மார் கூடியிருந்தார்கள். சுகமானவர்களும் வந்து பேச வேண்டும் என்றார்களாம். மிஸ்ஸி எங்கள் இருவரையும் கூட்டிப்போனார். நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மகள் மைக்கைப் பிடித்துத் தமிழிலேயே பேசினாள், மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னார். "எங்க ஆளுங்ககிட்ட சாப்பிடுறியான்னு மட்டும் கேக்காதீங்க. விரதம் இருக்கியான்னு கேளுங்க. அத முடிக்கப் பயமா இருக்கான்னும் கேளுங்க. என்னய அப்படிக் கேட்டதாலதான் நான் இங்க நிக்கிறேன்."

மண்டபம் எழுந்து கைதட்டியது. அந்தக் கேள்வி இனி எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்கப்படும் என்று மேடையிலேயே பெரிய டொக்டர் சிங்களத்தில் சொன்னது எனக்கே புரிந்தது. மொழிபெயர்க்க வேண்டிய மிஸ்ஸி அதை மொழிபெயர்க்காமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். நான் தூணை விட்டு வெளியே வந்து, எல்லோரும் பார்க்க, சத்தமாகக் கைதட்டினேன். என் வாழ்க்கையில் அப்படிச் செய்ததே இல்லை.

திரும்பி வரும்போது பஸ் மாத்தளையில் நின்றது. கடையில் கொத்து ரொட்டி அடிக்கிற சத்தம். மகள் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, பசிக்குது" என்றாள். சின்ன வயசுக்குப் பிறகு அவள் வாயால் அதை நான் கேட்கவில்லை. இறங்கிவிட்டோம். பஸ் போய்விட்டது, போகட்டும்.

கூட்டத்தின் பேரையும் டொக்டர்மாரின் பட்டங்களையும் நான் சரியாகப் பிடிக்கவில்லை. எது முதலில் நடந்தது, எது பின்னால் என்பதும் குழம்பியிருக்கலாம். விஷயம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். அவள் பசிக்குது என்று சொன்னதை மட்டும் தொட வேண்டாம். அது எனக்கு நன்றாகவே கேட்டது.