அட்டைப் படகும் எங்கள் மலையும்

மலைமேல் பார்த்த ஏலக்காய்த் தோட்ட வேலையை விட்டு, நானும் வீட்டுக்காரரும் கீழே சொந்த ஊரான சிலமலைக்கே திரும்புகிறோம். வழியில் போடித் திருவிழாவில் ஒரு போட்டோக் கடை. சினிமாப் பாட்டில் வருவதுபோல் பனிமலை வரைந்த துணி, முன்னால் அட்டைப் படகு.

"பனிக்குள்ள படகு எப்படிப்பா போகும்?" என்கிறார் இவர்.

"ஏறுங்கய்யா, போகும்."

நாங்கள் சேர்ந்து எடுக்கும் முதல் படம். கூச்சத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

"ஆத்தா, ஒட்டி உக்காருங்க. அய்யா கடிச்சிரவா போறாரு?"

திடீரென்று காற்று துணியைச் சுருட்டித் தூக்குகிறது. திரும்பிப் பார்க்கிறேன். பச்சையாக எங்கள் மலை.

"இருங்க, இறக்கிக் கட்டிர்றேன்."

"வேணாம் அப்பு," என்று நிமிர்ந்து சொல்கிறேன். "அங்கதான் நாங்க பொழச்சோம். அது இருக்கட்டும்."

இவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார்.

"வெரசா எடுப்பா. மறுபடி குனிஞ்சிரப் போறா."