போறேன் என்ற பொத்தான்

அந்தப் பச்சைப் புள்ளி முதல் தடவை எரிந்தபோது சமையலறையில் குதித்தேன். நிஜமாகவே குதித்தேன், கரண்டி கீழே விழுந்து உருண்டது. என் கையில் என் போன், அடுப்பு மேடையில் என் கணவரின் போன். என் போனில் 'வர்றேன்' என்ற பொத்தானை அழுத்திய அதே நொடி, அவர் போனில் என் பெயருக்குப் பக்கத்தில் பச்சை. பக்கத்தை ரீலோட் செய்யவில்லை, தொடக்கூட இல்லை. தானாக!

"வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"யாரு வந்தது?" என்று அவர் வாசலுக்கு ஓடினார்.

நான் ஒரு சென்னைக் கம்பெனிக்கு மரக்காணத்து வீட்டிலிருந்தே வெப் பக்கங்கள் செய்து கொடுப்பவள். திரையில் தெரிவதெல்லாம் என் வேலை: பொத்தான், நிறம், எழுத்து. அதற்குப் பின்னால் இருக்கும் சர்வரை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள். இந்த முறை இரண்டையும் நானே இணைத்திருந்தேன், அதுவும் ரியல் டைம் செஷன் சர்வரோடு. சாதாரணப் பக்கம் சர்வரிடம் ஒன்றைக் கேட்கும், பதில் வந்ததும் இணைப்பு முடிந்துவிடும். இதில் அப்படியில்லை, லைன் திறந்தே இருக்கும். யார் யார் லைனில் இருக்கிறார்கள் என்று சர்வர் ஞாபகம் வைத்திருக்கும். அந்த ஞாபகத்துக்குப் பெயர்தான் செஷன்.

முதல் நாள் அது என்னைப் படுத்தியெடுத்தது. டவர் விட்டு விட்டு வரும்போதெல்லாம் சர்வர் என்னைப் புது ஆளாக எண்ணிக்கொண்டது. பட்டியலில் என் பெயர் நாலு தடவை. "ஒருத்தியையே தாங்க முடியல, நாலா?" என்றார் கணவர். நல்ல கிண்டல்தான், ஆனால் அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கு மதியச் சாப்பாடு கொஞ்சம் லேட். கடைசியில், ஆளுக்கு ஒரு டோக்கன் கொடுத்து அதை அவரவர் போனிலேயே பத்திரமாக வைக்கச் செய்தேன். மறுபடி இணையும்போது அதே டோக்கனைக் காட்ட வேண்டும். நாலு நானும் ஒரு நானாகிப் போனோம்.

இவ்வளவு பாடும் எதற்கு? இடிக்காக. அவர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார், கூட எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். பாத்திகளில் மரம் கிடையாது, மறைவு கிடையாது. அங்கே இருப்பதிலேயே உயரமானது நிற்கும் மனுஷன்தான். போன கோடையில் மோட்டார் கொட்டகையில் இடி விழுந்தது. அவர் அங்கிருந்து கிளம்பிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து மேற்கே கறுத்தாலே அவருக்குப் போன் போடுவேன். எடுக்க மாட்டார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் தானும் வருவார். வராமல் போய்விட்டால்? அந்தப் பயம்தான் இந்தப் பக்கத்தைச் செய்ய வைத்தது.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று ஒன்பது பேர் போனிலும் தெரியும். நான் வீட்டிலிருந்து 'மின்னல்' என்று அழுத்தினால் ஒன்பதும் ஒன்றாக அலறும். உள்ளே நுழையும்போது 'வர்றேன்' பொத்தான், கிளம்பும்போது 'போறேன்' பொத்தான். டவர் போய்விட்டால் புள்ளி அணையக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். டவர் போனால் ஆள் போனதாக அர்த்தமில்லையே! 'போறேன்' அழுத்தினால்தான் பெயர் மறையும். இந்த யோசனைக்காக என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன்.

ஓடவிட்ட முதல் நாள் காலையில் ஒன்பது புள்ளியும் எரிந்தன. கம்பெனி வேலையை விட்டுவிட்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு மேல் மேற்கே பெருமுக்கல் பக்கம் மளமளவென்று மேகம் ஏறியது. 'மின்னல்' அழுத்தினேன். பாதி பயம், பாதி குஷி.

ஒரு புள்ளிகூட அணையவில்லை. அதைவிட மோசம், ஒவ்வொரு பெயருக்குக் கீழும் 'இப்போதுதான் உள்ளே வந்தார்' என்று வரிசையாக மாறியது. இடி இடிக்கிற நேரத்தில் எல்லாரும் பாத்திக்குள் போகிறார்களா? பைத்தியமா பிடித்துவிட்டது? அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

உப்பளத்து ரோட்டோர டீக்கடையில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். கூனிமேட்டுக்கார பாய் நடத்தும் கடை அது. நான் போய் இறங்கும்போதே, உப்பளத்தில் வேலை செய்யும் அக்கா இன்னொரு வரப்பு வழியாக ஓடிவந்து சேர்ந்தார். எட்டு. என் கணவரைக் காணோம்.

"அவரு எங்க பாய்?"

பாய் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "இப்பதாம்மா இங்க நின்னாரு. இந்த அக்காவ மட்டும் காணோம், உள்ள இருக்கறதா போன்ல காட்டுதுன்னு திரும்ப ஓடுனாரு."

அக்கா பதறிவிட்டார். "நான் எப்பவோ கெளம்பிட்டனே! போன்ல சொல்லிட்டுத்தானே வந்தேன்!"

"என்ன அழுத்துனீங்க?"

"வர்றேன்னு."

"போறேன்னு இருந்துச்சே, அக்கா!"

"அத போய் யாராச்சும் அழுத்துவாங்களா பாப்பா? இடி இடிக்கும்போது, போறேன்னு?"

மற்ற ஏழு பேரும் தலையாட்டினார்கள். அத்தனை பேரும் 'வர்றேன்' என்று விடைபெற்றுவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார்கள். என் மண்டையில் அடித்துக்கொண்டேன். வீட்டு வாசலில் அவர் ஒரு நாளாவது 'போறேன்' என்றிருப்பாரா? சொன்னால் நான்தான் விடுவேனா? என் பொத்தானை நம்பித்தான் அவர் அந்த மின்னலுக்குள் திரும்பிப் போயிருக்கிறார். நானே அனுப்பிவைத்த மாதிரி.

வெள்ளையாக ஒரு வெட்டு வெட்டியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பாயும் சேர்ந்து நாங்கள் பத்துப் பேரும் அவரைப் பெயர் சொல்லியும், "அண்ணே" என்றும், "என்னங்க" என்றும் தொண்டை கிழியக் கத்தினோம். கடைசி வரப்பில் ஒரு உருவம் குனிந்தபடி ஓடிவந்தது. மழை கொட்டத் தொடங்கியது.

டீக்கடைக்குள் நுழைந்ததும் அவர் அக்காவைப் பார்த்தார். "நீ இங்கதான் இருக்கியா?" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் அவரைத் திட்டினேன், அழுதேன், திரும்பவும் திட்டினேன். பாய் இருவருக்கும் டீ கொடுத்தார்.

டீ ஆறுவதற்குள் அங்கேயே போனில் திருத்த உட்கார்ந்தேன். புரோகிராமில் இரண்டே இரண்டு சொல். நுழைவதற்கு 'வந்துட்டேன்'. கிளம்புவதற்கு 'வர்றேன்'. 'போறேன்' என்பதை வேரோடு அழித்தேன். சர்வரில் ஏற்றியதும், "எல்லாரும் ரீலோட் பண்ணி வர்றேன் அழுத்துங்க" என்றேன். ஒவ்வொரு பெயராக மறைய மறைய எனக்கு அன்று சமையலறையில் வந்த அதே துள்ளல். அக்கா கைதட்டினார். ஒரே ஒரு பச்சை மிச்சம்.

"என்னங்க, நீங்க?"

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைக்கப் பார்த்தார், சட்டையும் ஈரம். என் புடவையில் துடைத்துவிட்டு அழுத்தினார். பட்டியல் காலி. 'உள்ளே யாரும் இல்லை' என்று காட்டியது.

அவர் திரையில் தன் பெயரைத் தேடினார். "நான் போயிட்டனா?" என்றார்.

"வாயக் கழுவுங்க" என்றேன். "வந்துட்டீங்க."