பாதி தைத்த பனியன்

நம் நிறுவனத்தைத் தொடங்கிய சென்னியப்பன் இறந்துவிட்ட செய்தி எனக்கு மதிய ஷிப்டு மாறும் நேரத்தில் வந்தது. போனில் பேசியவர் அவர் மனைவி. "அவிங்க போயிட்டாங்க கண்ணு," என்றார். "வந்துடறேன்மா," என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்ததாக எழுதி உங்களை ஏமாற்றும் உத்தேசமும் இல்லை.

துக்கத்துக்குப் போகும் வழியெல்லாம் சுவரொட்டிகள். 'செவிலியர்களின் தந்தை' என்று போட்டிருந்தது. எரிச்சலாக இருந்தது. காரியத்தன்று அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னது அந்த அம்மாதான். "நான் நல்லதா எழுத மாட்டேன்மா," என்று சொல்லிப் பார்த்தேன். "எல்லாரும் சாமி சாமின்னே எழுதிக் குடுத்திருக்கறாங்க. கூட இருந்தவளுக்குத் தெரியாதுங்களா? நீ நெசத்த எழுது கண்ணு, நான் போடச் சொல்றேன்," என்றார். அவர் பேச்சை நம்பித்தான் எழுதுகிறேன். படிக்கச் சங்கடமாக இருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

அவரோடு பழகிய உங்களுக்கு நிறுவனத்தின் கதை தெரியும். பனியன் கம்பெனி நடத்தியவர் அவர். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கம்பெனிக்குள் முதலுதவி அறையும் நர்சும் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தபோது, ஊரெல்லாம் நர்சுக்கு அலைந்தது. இவர் வேனை அனுப்பி நர்சிங் படித்த கிராமத்துப் பெண்களைத் திரட்டினார், ஹாஸ்டலில் தங்க வைத்தார், கம்பெனிகளுக்கு அனுப்பினார். பிறகு மருத்துவமனைகளும் கேட்டன. அங்கும் அனுப்பினார். அந்த வேன் வராமல் இருந்திருந்தால் வீட்டோடு முடங்கியிருக்கும் பெண்கள் பலர். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் தையல் மிஷினுக்கு டெய்லர்களை அனுப்பிய அதே கணக்கில் நர்சுகளையும் அனுப்பினார். மருத்துவமனை வார்டையும் அவர் கடைசிவரை, தையல் மிஷின் வரிசையைச் சொல்வதுபோல, 'லைன்' என்றுதான் சொல்வார்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. நர்சாக வேலை பார்த்து, மருத்துவமனையில் நர்சிங் பொறுப்பு முழுவதையும் கவனித்தவள். நிறுவனம் வளர்ந்ததும் பங்குதாரர்கள் என்னைத் தலைமைச் செயல் அதிகாரியாகக் கொண்டுவந்தார்கள். இவர் சேர்மனாக இருந்துகொண்டார். அந்த முடிவு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என்னை மருத்துவமனைகளுக்கு அழைத்துக்கொண்டு போய், "நம்ம சிஸ்டருங்க. ஆபீஸப் பார்த்துக்கறாங்க," என்று அறிமுகம் செய்தார். போன இடமெல்லாம் இதே பேச்சு. பொறுக்க முடியாமல், "சார், என் பதவியைச் சொல்லுங்க," என்றேன். சிரித்தார். "அதுதான் கார்டுல அடிச்சிருக்குதுங்களே சிஸ்டரு, போதாதுங்களா?" அவர் ஒரு தடவைகூட என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. எத்தனை 'ங்க' போட்டாலும் ஒருவரைக் குத்த முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

எங்கள் சண்டை முழுவதும் ஒரே விஷயத்தைப் பற்றியது. ஷிப்டு முடித்த நர்சு, அடுத்து வரும் நர்சோடு ஒவ்வொரு கட்டிலாக நின்று, இவருக்கு என்ன மருந்து கொடுத்தேன், இனி என்ன கொடுக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஹேண்டோவர் என்போம். அதற்கு இருவரும் கொஞ்ச நேரம் சேர்ந்து இருந்தாக வேண்டும். அவருடைய ஏற்பாடோ வேறு. ஒரே வேன் புதியவர்களை இறக்கிவிட்டு, நின்ற இடத்திலேயே ஹாரன் அடித்து, பழையவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிவிடும். அடுத்து அது பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும். ஏறாதவர்கள் டவுன்பஸ் பிடித்து ஹாஸ்டல் போய்ச் சேர வேண்டியதுதான். ஹேண்டோவர் முடியும்வரை வேனை நிறுத்தி வையுங்கள் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டேன்.

அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "டெய்லரு பாதி தைச்ச பனியன மிஷின்லயே உட்டுப்போட்டுப் போறாளுங்க. அடுத்தவ வந்து உக்காந்து மீதியத் தைக்கறா. துணி என்னங்க, கதையா கேக்குது?" சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். "நோயாளி துணி இல்ல சார்," என்றேன். "தெக்கத்திக்காரங்களுக்கு வாய் சாஸ்திங்க," என்றார். மறுபடியும் சிரித்தார்கள். அன்று அங்கே சிரித்த சிலரும் இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள்.

நான் பயந்தபடியே நடந்தது. மருத்துவமனையின் பெயர் வேண்டாம். மங்கலத்தில் தறி ஓட்டும் ஒரு பெண், காலில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். சர்க்கரை நோயாளி. காலை ஷிப்டில் இருந்த சுதா என்ற நம் நர்சு, சாப்பாட்டுக்கு முன்னால் அவருக்கு இன்சுலின் போட்டிருக்கிறாள். அதைக் குறித்து வைப்பதற்குள் பக்கத்துக் கட்டிலில் கூப்பிட்டார்கள். அங்கே முடித்து நிமிரும்போது கீழே ஹாரன். ஓடிவிட்டாள். புதிதாக வந்தவள் பார்த்தாள், குறிப்பு இல்லை, மறுபடியும் போட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரை தாழ்ந்து நினைவு தப்பிவிட்டது. தீவிர சிகிச்சையில் வைத்துத்தான் மீட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவர் கணவர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்குதுங்க," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. ஆபீசுக்கு வந்தார். "பீஸு டேமேஜ் ஆனா டெய்லர மாத்தறதுதானுங்க. அந்தப் புள்ளைய அனுப்பிப்போடுங்க," என்றார். தப்பு வேன் மீது என்றேன். "வேனு ஊசி போடுதுங்களா?" என்று கேட்டார். சுதாவை அனுப்பினால் நானும் போகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்தேன்.

மறுநாள் மதியம் நானே மருத்துவமனை வாசலுக்குப் போய் வேனுக்கு முன்னால் நின்றுகொண்டேன். ஹேண்டோவர் முடிந்து எல்லோரும் இறங்கி வரும்வரை வண்டி நகரக் கூடாது என்று டிரைவரிடம் சொன்னேன். அவர் பாவம், முதலாளிக்குப் போன் போட்டார். சென்னியப்பன் காரில் வந்து இறங்கினார். நர்சுகள், நோயாளிகளின் சொந்தக்காரர்கள், டீக்கடைக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங் சிஸ்டரு, இது உங்கூட்டு வேனுங்களா?"

"உங்க வேன்தான் சார். வார்டுல இருக்கிற புள்ளைங்க என் பொறுப்பு."

"அப்ப உங்க பொறுப்புலயே கூட்டிட்டுப் போங்க," என்று சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். வேன் அங்கேயே கிடந்தது. நான் ஆட்டோக்கள் பிடித்துப் பெண்களை ஹாஸ்டலில் சேர்த்தேன். என்னைப் பதவியிலிருந்து எடுக்க வேண்டும் என்று அந்த வாரமே பங்குதாரர்களைக் கூட்டினார். ஹேண்டோவர் இல்லாத நர்சு எங்களுக்கு வேண்டாம் என்று மருத்துவமனைக்காரர்கள் நேரில் வந்து சொன்னதால்தான் நான் தப்பினேன். என் நியாயத்துக்காக யாரும் கை தூக்கவில்லை. சுதாவும் தப்பினாள். வேன்களை அவர் தன் கம்பெனிக்கே திருப்பிக்கொண்டார். நான் வேறு வேன் அமர்த்தினேன், அது நின்றுதான் போகும். அதன்பிறகு அவர் என் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. நடையில் எதிர்ப்பட்டால், "நல்லா இருக்கீங்களா சிஸ்டரு?" என்று கேட்பார். அந்த விசாரிப்பில் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

போன மாதம் அவருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது. நம் நர்சுகள் வேலை பார்க்கும் அதே மருத்துவமனையில்தான் சேர்த்தார்கள். பார்க்காமல் இருந்தால் ஊர் பேசும் என்பதால்தான் போனேன். போன நேரம் ஷிப்டு மாறும் நேரம். காலை நர்சு யார் என்று நினைக்கிறீர்கள்? சுதா. அவளும் மாற்று நர்சும் கட்டிலுக்கு இரு பக்கமும் நின்றார்கள். சுதா ஒவ்வொன்றாகச் சொன்னாள். எந்த மருந்து முடிந்தது, எது பாக்கி, இடது கை உணர்ச்சி எப்படி, கஞ்சி எவ்வளவு இறங்கியது. அவர் கண்ணை மூடியே கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

சுதா முடித்துத் திரும்பியதும் குழறலாகக் குரல் வந்தது. "கண்ணு, ஒண்ண உட்டுப்போட்டயே. காத்தால கஞ்சி குடிக்கறப்ப பொரை ஏறுச்சே. அதச் சொல்லிப்போட்டுப் போ."

சுதா முகம் சிவந்துவிட்டது. திரும்பி வந்து சொன்னாள். பக்கவாதம் வந்தவருக்குப் புரையேறுவது சின்ன விஷயமல்ல. அடுத்தவள் உடனே கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், கஞ்சியை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடப் போனாள். சென்னியப்பன் மெல்லக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"வேனு நிக்குதுங்களா?"

"நிக்குது சார்."

"நிக்கட்டும்," என்றார். இத்தனை நாள் கழித்து ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் விடவில்லை. "உங்க வேனு, உங்க டீசலு. எனக்கென்னங்க சிஸ்டரு?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது. மங்கலத்துப் பெண்ணைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண்ணும் ஒரு கட்டிலில் கிடந்தவர்தான். தன் உயிருக்கு வேண்டும் என்று தெரிந்த ஹேண்டோவரை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க இவருக்கு மனம் வரவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக மன்னிக்கப் போவதும் இல்லை.

ஆனாலும் அவரை நான் விடப் போவதில்லை. புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு முதல் நாள் வகுப்பு நான்தான் எடுக்கிறேன். இனி அதை அவரை வைத்துத்தான் தொடங்குவேன். பாதி தைத்த பனியனைப் பற்றி அவர் சொன்னதைச் சொல்வேன், யார் சொன்னது என்று பெயரையும் சொல்வேன். பிறகு அதே மனிதர் கட்டிலில் கிடந்துகொண்டு, விட்டுப்போன ஒரு வரிக்காக நர்சைத் திரும்பக் கூப்பிட்டதையும் சொல்வேன். அவர் உயிரோடு இருந்தால், "ஏனுங் சிஸ்டரு, என்ர பேர எதுக்குங்க இழுக்கறீங்க?" என்று சண்டைக்கு வந்திருப்பார்.

வரட்டும் என்றுதான் இருக்கிறது.